காற்புள்ளி பிறகு வரட்டும், முதலில் வாக்கியம் சேரட்டும்

கேள்வி: நான் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் நான்காம் வகுப்பையும் ஐந்தாம் வகுப்பையும் சேர்த்து வைத்துப் பாடம் நடத்துகிறேன். பிள்ளைகளில் பாதிப் பேர் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். எழுத்தும் சொல்லும் ஓரளவு வந்துவிட்டன. ஆனால் கட்டுரை எழுதச் சொன்னால், "நான் தோப்புக்குப் போனேன். தோப்பில் மாமரம் இருந்தது. மாமரத்தில் காய் இருந்தது. நான் காய் பறித்தேன்" என்று எழுதுகிறார்கள். சேர்த்து எழுதுங்கள் என்றால் நடுவில் "மற்றும்" அல்லது "பிறகு" போடுகிறார்கள். வேறு சிலர் ஒரு பக்கத்தையே ஒரே வாக்கியமாக எழுதிவிடுகிறார்கள். காற்புள்ளி விதிகளைக் கரும்பலகையில் பட்டியலாக எழுதிப் போட்டேன். ஒப்பிக்கிறார்கள், எழுதும்போது மட்டும் நினைத்த இடத்தில் வைக்கிறார்கள். எதை முதலில் சொல்லித்தருவது? எப்படித் திருத்துவது? தனிவாக்கியம், தொடர்வாக்கியம், கலவை வாக்கியம் என்ற பெயர்கள் இந்த வயதில் தேவையா?

பதில்:

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

உங்கள் வகுப்பில் இரண்டு விதமான பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பது உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது. மாமரத்தைப் பற்றி எழுதிய பிள்ளைக்கு ஒரு வாக்கியம் எங்கே முடிகிறது என்பது நன்றாகத் தெரியும். எழுவாய்க்கு ஏற்ற வினை வந்திருக்கிறது, முற்றுப்புள்ளி சரியான இடத்தில் இருக்கிறது. இணைப்பது மட்டும்தான் வரவில்லை. பக்கம் முழுவதையும் ஒரே வாக்கியமாக எழுதுகிற பிள்ளைக்கு இணைக்கத் தெரிந்திருக்கிறது, நிறுத்துவது வரவில்லை. இருவருக்கும் ஒரே பாடத்தை நடத்தினால் முதல் பிள்ளை குழம்பும், இரண்டாவது பிள்ளை இன்னும் நீளமாக எழுதும். ஆகவே இந்த வாரம் கட்டுரை நோட்டுகளை எடுத்து, இணைப்புப் பயிற்சி யாருக்கு, நிறுத்தப் பயிற்சி யாருக்கு என்று மட்டும் பிரித்துக்கொள்ளுங்கள். காற்புள்ளி இருவருக்குமே இப்போது வேண்டாம்.

முதல் பிள்ளையிலிருந்து தொடங்குகிறேன். எழுத்தில் நான்கு துண்டாக வைக்கிற அதே பிள்ளையை, நேற்று சாயங்காலம் என்ன செய்தாய் என்று கேட்டுப் பாருங்கள். "ஸ்கூல் விட்டு வீட்டுக்குப் போயி, பையை வச்சிட்டு, டீ குடிச்சிட்டு, வெளையாடப் போனேன்" என்று ஒரே மூச்சில் சொல்லும். இதில் நான்கு செயல்கள் இருக்கின்றன, வாக்கியத்தை முடிக்கும் வினையான முற்று ஒன்றே ஒன்றுதான். நாம் வகுப்பில் சொல்லித்தர நினைக்கிற வினையெச்சம், அதாவது முடியாமல் அடுத்த வினையை எதிர்பார்த்து நிற்கும் வினை, முழுவதும் அந்த "ட்டு"வுக்குள் ஏற்கெனவே இருக்கிறது. எழுத உட்காரும்போது பேச்சு வழக்கு தப்பு என்ற பயத்தில் பிள்ளை அதைக் கைவிட்டுவிடுகிறது. பாடநூலின் சிறு வாக்கியங்களையே பார்த்து எழுதிப் பழகியதால், எழுத்து என்றால் துண்டு துண்டாகத்தான் இருக்க வேண்டும் என்றும் நினைத்துக்கொள்கிறது.

அதனால் முதல் சில நாள்கள் நோட்டே வேண்டாம். வாய்மொழியாக மட்டும் நடக்கட்டும். ஒரு பிள்ளை தன் காலைப் பொழுதைப் பேச்சு வழக்கில் சொல்லட்டும், நீங்கள் அதை அப்படியே கரும்பலகையில் எழுதுங்கள். "குளிச்சிட்டு, சாப்டுட்டு ஸ்கூலுக்கு வந்தேன்." பக்கத்திலேயே எழுத்துத் தமிழில் எழுதுங்கள்: "குளித்து, சாப்பிட்டுவிட்டுப் பள்ளிக்கு வந்தேன்." இரண்டையும் வகுப்பு சேர்ந்து வாசிக்கட்டும். "இது தப்பு, இது சரி" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பேசும்போது இப்படி, எழுதும்போது இப்படி என்று சொன்னால் போதும். தான் பேசுகிற மொழியே எழுத்துக்கு அடிப்படை என்று பிள்ளை உணர்ந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அப்புறம் இரண்டு வாக்கியங்களைக் கொடுத்து, எத்தனை விதமாகச் சேர்க்கலாம் என்று கேளுங்கள். இந்த ஒரு பயிற்சியைத்தான் நான் ஆசிரியர் பயிற்சி வகுப்புகளில் திரும்பத் திரும்ப வலியுறுத்துகிறேன். "சேர்த்து எழுதுக" என்று ஒரே விடையை எதிர்பார்க்கும் கேள்வியில் பிள்ளைக்கு யோசிக்க ஒன்றுமில்லை. பல விடைகள் வரும்போதுதான் எதைத் தேர்ந்தெடுப்பது என்ற யோசனை பிறக்கிறது. உதாரணத்துக்கு இதை எடுத்துக்கொள்ளுங்கள்:

பாட்டி ஊரிலிருந்து வந்தாள். பாட்டி முறுக்கு சுட்டாள்.

"பாட்டி ஊரிலிருந்து வந்து முறுக்கு சுட்டாள்" என்று ஒரு பிள்ளை சொல்லும். "ஊரிலிருந்து வந்த பாட்டி முறுக்கு சுட்டாள்" என்று இன்னொன்று. "பாட்டி ஊரிலிருந்து வந்ததும் முறுக்கு சுட்டாள்", "வந்தபோது சுட்டாள்", "வந்த பிறகு சுட்டாள்", "வந்தால் சுடுவாள்" என்று அடுத்தடுத்து வரும். எல்லாவற்றையும் பலகையில் எழுதுங்கள். பிறகு கேள்விகளைத் தொடங்குங்கள். எந்த வாக்கியத்தில் பாட்டி உட்காரக்கூட இல்லாமல் வாணலியை அடுப்பில் வைத்துவிட்டாள்? "வந்ததும்" என்று கத்துவார்கள். வீட்டில் வேறு பாட்டியும் இருக்கிறாளோ என்று நினைக்க வைக்கும் வாக்கியம் எது? "ஊரிலிருந்து வந்த பாட்டி." இன்னும் முறுக்கே சுடாத வாக்கியம் எது? ஒரு விகுதி மாறினால் கதையே மாறுகிறது என்பதை நான்காம் வகுப்புப் பிள்ளைகள் இப்படித்தான் கண்டுபிடிக்கிறார்கள், அதுவும் சத்தமாக.

இங்கே ஒரு சிக்கல் வரும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். "வந்து", "எழுதி", "படித்து" போன்ற எச்சங்களைப் பிடித்துக்கொண்ட பிள்ளை எல்லா இடத்திலும் அதையே போடும். "மணி அடித்தது. பிள்ளைகள் ஓடினார்கள்" என்பதை "மணி அடித்து பிள்ளைகள் ஓடினார்கள்" என்று எழுதும். காதுக்கு இடிக்கிறது, ஆனால் ஏன் என்று பிள்ளைக்குத் தெரியாது. அடித்தது மணி, ஓடியது பிள்ளைகள். "செய்து" என்ற வகை எச்சத்துக்கும் முடிக்கும் வினைக்கும் பொதுவாக ஒரே ஆள் வேண்டும். ஆள் மாறினால் "அடித்ததும்", "அடித்தபோது", "அடித்தவுடன்" என்று வேறு வழிக்குப் போக வேண்டும். பிள்ளைகளிடம் இலக்கணமாகச் சொல்லாமல், "இதைச் செய்தது யார்? அதைச் செய்தது யார்? ஒரே ஆளா, வேறு ஆளா?" என்று கேட்கப் பழக்குங்கள். ஒரே ஆள் என்றால் "செய்து", வேறு ஆள் என்றால் "செய்ததும்". இந்த வயதுக்கு இது போதும். "மழை பெய்து குளம் நிறைந்தது" என்று சொல்கிறோமே என்று நீங்கள் கேட்கலாம். ஒன்றின் விளைவாக இன்னொன்று நடக்கும்போது தமிழ் அதை ஏற்கிறது, இலக்கண நூல்களிலும் அதற்கு இடம் உண்டு. ஒரு பிள்ளை அப்படி எழுதினால் தப்பு என்று அடித்துவிடாதீர்கள். ஆனால் அந்த விதிவிலக்கை வகுப்புக்குப் பாடமாக எடுக்க வேண்டாம்.

உங்கள் பிள்ளைகளின் எழுத்தில் இன்னொன்றையும் கவனித்தேன். ஒரு வாக்கியத்தின் கடைசிப் பொருள் அடுத்த வாக்கியத்தின் முதல் சொல்லாகிறது. தோப்புக்குப் போனேன், தோப்பில் மாமரம், மாமரத்தில் காய். இதற்கு மருந்து பெயரெச்சம். "தோப்பில் இருந்த மாமரம்", "மரத்தில் தொங்கிய காய்." வினையைப் பெயருக்கு முன்னால் கொண்டுபோய் வைத்தால், திரும்பச் சொல்ல வேண்டிய சொல் தானாகவே உதிர்ந்துவிடும். இதற்கு வாக்கியச் சீட்டுகள் நல்ல கருவி. பழைய காலண்டர் அட்டையில் "மாமரம்", "தோப்பில் இருந்தது" என்று தனித்தனியாக எழுதி, "இருந்தது" என்பதன் மேல் "இருந்த" என்று எழுதிய சின்னச் சீட்டை வைத்து இடம் மாற்றிக் காட்டுங்கள். கையால் நகர்த்திப் பார்த்த பிள்ளை மறக்காது.

இவ்வளவும் ஆனபின் அந்த நான்கு வாக்கியங்களையே திரும்பக் கொடுங்கள். "நான் தோப்புக்குப் போய், அங்கே இருந்த மாமரத்தில் காய் பறித்தேன்" என்று ஒரு பிள்ளை எழுதலாம். "நான் தோப்புக்குப் போனேன். அங்கே மாமரம் காய்த்திருந்ததைப் பார்த்ததும் எனக்கு ஆசை வந்து, இரண்டு காய் பறித்தேன்" என்று இன்னொரு பிள்ளை எழுதலாம். இரண்டாவதில் முதல் வாக்கியம் குட்டையாகவே நிற்கிறது. அதை வகுப்பில் பாராட்டிக் காட்டுங்கள். சேர்ப்பது என்றால் எல்லாவற்றையும் சேர்ப்பது இல்லை. குட்டை வாக்கியம் ஒன்று நடுவில் நின்றால் வாசிக்கிறவர்கள் அங்கே நின்று பார்ப்பார்கள். நல்ல உரைநடையில் நீளமும் குட்டையும் கலந்தே வரும். "இணைத்து எழுது" என்று நாம் சொல்வதைப் பிள்ளை "நீளமாக எழுது" என்று புரிந்துகொண்டுவிடக் கூடாது.

"மற்றும்" பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதைத் தொடக்கத்திலேயே நிறுத்துங்கள், இதில் நான் கறாராகவே இருப்பேன். "அரிசி, பருப்பு மற்றும் எண்ணெய் வாங்கினேன்" என்று எந்த அம்மாவும் வீட்டில் பேசுவதில்லை. அறிவிப்புகளிலிருந்தும் விளம்பரங்களிலிருந்தும் அந்த வழக்கம் பிள்ளைகளின் நோட்டுக்குள் நுழைகிறது. தமிழில் சேர்க்கும் வேலையை "உம்" செய்கிறது. "அரிசியும் பருப்பும் எண்ணெயும் வாங்கினேன்." இல்லாவிட்டால் "அரிசி, பருப்பு, எண்ணெய் வாங்கினேன்." இரண்டு வாக்கியங்களுக்கு நடுவில் "மற்றும்" போடுவதோ முற்றிலும் பொருந்தாது. "பிறகு" அந்த அளவுக்கு மோசமில்லை, நல்ல தமிழ்ச்சொல்தான். ஒரு கட்டுரையில் ஓரிரு முறைக்கு மேல் வந்தால் அதைச் சுற்றி வட்டமிட்டு, "இங்கே வேறு எப்படிச் சொல்லலாம்?" என்று எழுதுங்கள். "பறித்தேன். பிறகு தின்றேன்" என்பது "பறித்துத் தின்றேன்" ஆகிவிடும்.

எதிர்மறையையும் மாறுபாட்டையும் மறக்க வேண்டாம். "சாப்பிடவில்லை. பள்ளிக்கு வந்தேன்" என்பது "சாப்பிடாமல் பள்ளிக்கு வந்தேன்" ஆகும். "மழை பெய்தது. ஆனால் நாங்கள் விளையாடினோம்" என்பது "மழை பெய்தாலும் நாங்கள் விளையாடினோம்" ஆகலாம், "மழை பெய்தும் ஆட்டத்தை நிறுத்தவில்லை" என்றும் ஆகலாம். "ஆனால்", "அதனால்", "ஆகவே" எல்லாம் தெரிந்திருக்க வேண்டிய சொற்கள்தான். ஆனாலும் பிள்ளை முதலில் விகுதியால் சேர்க்கப் பழகட்டும். தமிழின் ஓட்டம் அங்கேதான் இருக்கிறது.

வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளைகளை நினைத்து நீங்கள் கவலைப்படுவது தெரிகிறது. இந்தப் பாடத்தில் அவர்கள் பின்தங்கியவர்கள் இல்லை. தெலுங்கும் இதே முறையில்தான் வாக்கியங்களைச் சேர்க்கிறது. நாம் "வந்து" என்கிற இடத்தில் அவர்கள் "வச்சி" என்கிறார்கள், "தின்று" என்கிற இடத்தில் "தினி" என்கிறார்கள், கடைசியில் ஒரே முற்று. அந்தப் பிள்ளைகளைத் தெலுங்கிலேயே ஒரு நீள வாக்கியம் சொல்லச் சொல்லுங்கள், அதையே தமிழில் மாற்றச் சொல்லுங்கள். தங்களுக்கு முன்பே தெரிந்த ஒன்று என்று அவர்களுக்குப் புரிந்துவிடும். "உம்" மட்டும் அவர்களுக்குக் கொஞ்சம் புதிது. தெலுங்கில் சொல்லின் கடைசி உயிரை நீட்டிச் சேர்ப்பார்கள். ஆகவே "அம்மாவும் அப்பாவும்", "ஆடும் மாடும்" போன்றவற்றை அவர்களோடு சற்று அதிகம் சொல்லிப் பழகுங்கள்.

இப்போது ஒரே வாக்கியத்தில் பக்கத்தை நிரப்புகிற பிள்ளை. இவருக்கு வேலை தலைகீழ். நீள வாக்கியத்தைக் கொடுத்து உடைக்கச் சொல்லுங்கள். அவர் எழுதியதையே எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு எச்சத்தின் கீழும் கோடு போடச் சொல்லுங்கள். "போய், பார்த்து, எடுத்து, கொடுத்து, வாங்கி" என்று கோடுகள் வரிசையாக வருவதை அவரே பார்ப்பார். மூன்று எச்சத்துக்கு மேல் வந்தால் ஒன்றை முற்றாக்கி நிறுத்து என்று சொல்லுங்கள். இது இலக்கண விதி இல்லை, கைப்பழக்கத்துக்கான எல்லை. எந்த எச்சத்தை முற்றாக்குவது என்பதுதான் அவர் யோசிக்க வேண்டியது. இடம் மாறுகிற இடத்தில், நேரம் மாறுகிற இடத்தில், புது ஆள் வருகிற இடத்தில் நிறுத்தலாம் என்று வழி சொல்லுங்கள். இந்தப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் சொல்ல நிறைய இருக்கிறது. அந்த ஆர்வத்தைத் திருத்தம் அடக்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, காற்புள்ளிக்கு வருவோம்.

ஓலைச்சுவடிகளில் இந்தக் குறி கிடையாது. சொற்களுக்கு நடுவே இடைவெளிகூட விடாமல் தொடர்ந்து எழுதினார்கள், மெய்யெழுத்தின் புள்ளியையும் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். அச்சு வந்த பிறகு, 19ஆம் நூற்றாண்டில்தான் நிறுத்தக்குறிகள் தமிழ் உரைநடையில் நிலைபெற்றன. அவற்றை ஒழுங்காகக் கையாண்ட முன்னோடியாக யாழ்ப்பாணம் நல்லூர் ஆறுமுக நாவலரை (1822–1879) சொல்வது வழக்கம். அவர் பள்ளிப் பிள்ளைகளுக்காகப் பாலபாடங்கள் எழுதியவர், வாசிக்கிறவர்களின் சிரமத்தை அறிந்தவர். இதை ஏன் சொல்கிறேன் என்றால், காற்புள்ளி இல்லாமலே தமிழ் வாக்கியம் நெடுங்காலம் நின்றிருக்கிறது. கடைசியில் வரும் முற்று வாக்கியத்தை மூடுகிறது, நடுவில் "உம்"மும் எச்சமும் வேற்றுமை உருபும் யார் யாரோடு சேர்கிறார்கள் என்று காட்டிவிடுகின்றன. ஆகவே தமிழில் காற்புள்ளிக்கு வேலை குறைவு. குறைவான இடங்களில், ஆனால் பயனுள்ள இடங்களில் அது வருகிறது. சேர்க்கத் தெரிந்த பிள்ளைக்கு அந்த இடங்கள் கண்ணில் படும். சேர்க்கத் தெரியாத பிள்ளைக்கு விதியை எத்தனை முறை ஒப்பிக்கவைத்தாலும் வைப்பதற்கு இடம் இருக்காது. உங்கள் வகுப்பில் நடந்தது இதுதான்.

"மூச்சு விடும் இடத்தில் காற்புள்ளி" என்று பலரும் சொல்லித்தருகிறார்கள். காற்புள்ளிக்கு ஒரு மாத்திரை, அரைப்புள்ளிக்கு இரண்டு, முக்காற்புள்ளிக்கு மூன்று, முற்றுப்புள்ளிக்கு நான்கு என்ற கணக்கும் பள்ளிகளில் வழங்குகிறது. வாசிப்பதற்கு அது உதவும். குறி இருக்கும் இடத்தில் எவ்வளவு நிறுத்துவது என்பதை அது சொல்கிறது. எழுதுவதற்கு அது உதவாது. எழுத்துக்கூட்டி வாசிக்கும் பிள்ளை இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு விடும். அது "நான், பள்ளிக்கு, போனேன்" என்று எழுதினால் நம் விதியை அப்படியே பின்பற்றியிருக்கிறது என்றுதான் அர்த்தம். அந்த விதியை எழுத்து வகுப்பிலிருந்து எடுத்துவிடுங்கள்.

நான்காம், ஐந்தாம் வகுப்புக்கு நான் மூன்றே இடங்களைச் சொல்வேன். கூப்பிடும்போது, எண்ணும்போது, எச்சங்கள் அடுக்கி வரும்போது.

கூப்பிடுவது எளிது, அதில் தொடங்குங்கள். "தம்பி, அப்பா கூப்பிடுகிறார்" என்றும் "தம்பி அப்பா கூப்பிடுகிறார்" என்றும் பலகையில் எழுதிக் காட்டுங்கள். முதலாவதில் தம்பியிடம் பேசுகிறோம். இரண்டாவதில் தம்பியுடைய அப்பா என்று படிக்க இடம் வந்துவிடுகிறது. பிள்ளைகளுக்கு இதில் ஒரே சிரிப்பாக இருக்கும், தாங்களே இன்னும் பத்து உருவாக்கிக்கொண்டு வருவார்கள். கடிதம் எழுதும் பாடத்தில் "அன்புள்ள அத்தை," என்று வருவதும் இதே காற்புள்ளிதான் என்று காட்டிவிட்டால் இரண்டு பாடமும் ஒன்றாகிவிடும்.

எண்ணும் இடத்தில் கொஞ்சம் நுட்பம் இருக்கிறது. "கேழ்வரகு, நெல், நிலக்கடலை பயிரிடுகிறார்கள்" என்றால் காற்புள்ளி வேண்டும். "கேழ்வரகும் நெல்லும் நிலக்கடலையும் பயிரிடுகிறார்கள்" என்றால் வேண்டாம். "உம்" வந்து வேலையை முடித்துவிட்டது, காற்புள்ளி வந்தாலும் செய்வதற்கு ஒன்றுமில்லை. ஒன்று "உம்", இல்லையென்றால் காற்புள்ளி என்று சொல்லுங்கள், நன்றாகப் பிடித்துக்கொள்வார்கள். ஆனால் இதோடு நிறுத்தினால் அடுத்த நாள் "அம்மா, அப்பா ஊருக்குப் போனார்கள்", "வெற்றிலை, பாக்கு வாங்கினேன்" என்று எழுதுவார்கள். முதல் வாக்கியம் அம்மாவைக் கூப்பிட்டு, அப்பா போனதைச் சொல்வதுபோல ஆகிவிடுகிறது. அம்மா அப்பா, வெற்றிலை பாக்கு, இரவு பகல், ஆடு மாடு என்று எப்போதும் சோடியாகவே வழங்கும் சொற்களுக்கு நடுவே காற்புள்ளி தேவையில்லை. இலக்கணத்தில் இது உம்மைத்தொகை. பிள்ளைகளிடம் "சோடிச் சொல்" என்று சொல்லி, அவர்களையே ஒரு பட்டியல் சேர்க்கச் சொல்லுங்கள். வீட்டில் பாட்டியிடம் கேட்டு வரச் சொன்னால் பட்டியல் நீண்டுகொண்டே போகும். அடைமொழிகள் அடுக்கி வரும்போதும் அப்படியே. "பெரிய, சிவப்பு, பந்து" வேண்டாம். "பெரிய சிவப்புப் பந்து" போதும்.

மூன்றாவது இடம் எச்சங்கள் அடுக்கி வரும் இடம். இணைப்புப் பயிற்சி முடித்த பிள்ளைக்குத்தான் இது. "பையை வைத்துவிட்டு, முகம் கழுவி, தேநீர் குடித்து, விளையாடப் போனேன்." ஒவ்வொரு செயலும் முடியும் இடத்தில் ஒரு காற்புள்ளி. எச்சம் ஒன்றே ஒன்று என்றால், அதுவும் வினைக்குப் பக்கத்திலேயே என்றால் தேவையில்லை. "பாட்டி வந்து பார்த்தாள்" என்பதில் எங்கே வைப்பது?

இங்கே நம் மொழிக்கே உரிய ஒரு நல்ல சோதனை இருக்கிறது. வல்லின ஒற்று (க், ச், த், ப்) மிகும் இடத்தில் காற்புள்ளி வராது. காற்புள்ளி வைத்தால் ஒற்று மிகாது. "நன்றாகப் படித்துத் தேர்வு எழுதினான்" என்று எழுதலாம், "நன்றாகப் படித்து, தேர்வு எழுதினான்" என்றும் எழுதலாம். "படித்துத், தேர்வு எழுதினான்" என்று எழுத முடியாது. ஒற்று இரண்டு சொல்லையும் ஒட்டுகிறது, காற்புள்ளி பிரிக்கிறது. ஒட்டுவதா பிரிப்பதா என்று முடிவு செய்துவிட்டு எழுத வேண்டும். ஐந்தாம் வகுப்பில் ஒற்றுப் பிழையும் திருத்திக்கொண்டிருப்பீர்கள். இரண்டையும் ஒரே பாடமாக நடத்துங்கள். இதில் பெரியவர்களே நிறையத் தவறுகிறார்கள், அச்சில் வருகிற எழுத்திலும் ஒற்றும் காற்புள்ளியும் ஒட்டிக்கொண்டு நிற்பதைப் பார்க்கலாம்.

மேற்கோள் குறிக்கு முன் வருவது, "ஆகவே" என்ற சொல்லுக்குப் பின் வருவது, முகவரியில் வருவது எல்லாம் பாடநூலில் அந்தந்த இடம் வரும்போது சொன்னால் போதும். "ஆனால்" என்பதற்குப் பின் சிலர் வைக்கிறார்கள், சிலர் வைப்பதில்லை. நீங்கள் ஒரு வழக்கத்தைத் தேர்ந்தெடுத்து வகுப்பு முழுவதும் அதையே பின்பற்றுங்கள். ஐந்தாம் வகுப்பில் கூர்மையான பிள்ளை யாராவது இருந்தால் இதைக் கொடுத்துப் பாருங்கள்: "நேற்று வந்த அண்ணனின் நண்பன்." நேற்று வந்தது யார், அண்ணனா, நண்பனா? "நேற்று வந்த, அண்ணனின் நண்பன்" என்று ஒரு காற்புள்ளி வைத்ததும் நண்பன்தான் வந்தான் என்று தெளிவாகிறது. பெயரெச்சமும் காற்புள்ளியும் ஒன்றுக்கொன்று எப்படி உதவுகின்றன என்று அந்தப் பிள்ளைக்குக் காட்ட இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

திருத்துவது பற்றி. சிவப்பு மையில் ஒவ்வொரு காற்புள்ளியையும் நீங்கள் வைத்துக் கொடுத்தால் பிள்ளை அதைப் பார்க்காது, மதிப்பெண்ணை மட்டும் பார்க்கும். ஒரு கட்டுரையில் ஒரு விஷயத்தை மட்டும் திருத்துங்கள். இந்த வாரம் இணைப்பு என்றால் இணைப்பு மட்டும். காற்புள்ளி தப்பாக இருந்தாலும் கையை வைக்காதீர்கள், கஷ்டமாகத்தான் இருக்கும். எந்த வரியில் வேலை இருக்கிறதோ அந்த வரியின் ஓரத்தில் ஒரு சின்னக் குறி போட்டு நோட்டைத் திருப்பிக் கொடுங்கள். எது தப்பு என்பதைப் பிள்ளையே தேடட்டும். தேட முடியாதவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்து, அந்த வரியைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். "மணி அடித்து பிள்ளைகள் ஓடினார்கள்" என்பதை வாசிக்கும்போதே பல பிள்ளைகள் நின்றுவிடுவார்கள். காது முதலில் கண்டுபிடிக்கும்.

ஜூன் மாதத்தில் ஒரு படத்தைக் காட்டி எழுதவைத்த பக்கத்தைப் பத்திரமாக வைத்திருங்கள். காலாண்டுத் தேர்வு முடிந்ததும் அதே படத்தைக் காட்டி எழுதச் சொல்லி, இரண்டையும் பிள்ளையின் கையிலேயே கொடுங்கள். பெற்றோர் கூட்டத்தில் காட்டுவதற்கும் மதிப்பெண் பட்டியலைவிட அந்த இரண்டு பக்கங்கள் நல்லவை.

கடைசியாக, தொடர்வாக்கியம், கலவை வாக்கியம் என்ற பெயர்கள். இந்த வயதில் தேவையில்லை என்பதுதான் என் முடிவு. வாக்கியங்களை இணைக்கும் பயிற்சியைப் பற்றி ஆங்கிலம் கற்பிக்கும் அமெரிக்கப் பள்ளிகளில் நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள். ஃபிராங்க் ஓஹேர் 1973இல் வெளியிட்ட ஆய்வில், இலக்கணப் பெயர்களைக் கற்பிக்காமல் இணைப்புப் பயிற்சி மட்டும் கொடுத்த ஏழாம் வகுப்பு மாணவர்களின் எழுத்து மேம்பட்டது. 2007இல் ஸ்டீவ் கிரகாம், டொலோரஸ் பெரின் இருவரும் நான்காம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, எழுத்தை வளர்க்கும் வழிகளில் வாக்கிய இணைப்பும் ஒன்றாக நின்றது. இலக்கணத்தைத் தனியாக நடத்துவதால் எழுத்து வளரவில்லை என்றும் தெரிந்தது. அது ஆங்கில வகுப்பறை, நம்முடைய வாக்கிய அமைப்பு வேறு. ஆனாலும் பெயரைவிடச் செய்கை முதலில் வரட்டும் என்பது தமிழ் வகுப்பில் நான் பார்த்துவருவதோடு ஒத்துப்போகிறது. நன்றாகச் சேர்த்து எழுதத் தெரிந்த பிள்ளைக்கு மேல்வகுப்பில் "இதற்குப் பெயர் கலவை வாக்கியம்" என்று ஒரு நாளில் சொல்லிவிடலாம்.

அடுத்த வாரம் தொடங்குவதற்கு உங்கள் ஊருக்கு ஏற்ற சில துண்டுகளைத் தருகிறேன். ஒவ்வொன்றையும் எத்தனை விதமாகச் சேர்க்கலாம் என்று வகுப்பையே கேளுங்கள்.

மாம்பழம் பழுத்தது. கிளி வந்தது. கிளி பழத்தைக் கொத்தியது.

தாத்தா சந்தைக்குப் போனார். தாத்தா ஆடு விற்றார். தாத்தா எனக்குப் பம்பரம் வாங்கினார்.

அணையில் தண்ணீர் நிறைந்தது. மதகைத் திறந்தார்கள். நாங்கள் பார்க்கப் போனோம்.

தம்பி கீழே விழுந்தான். தம்பி அழவில்லை. தம்பி எழுந்து ஓடினான்.

இரண்டாவது தொகுப்பில் எல்லாம் தாத்தாவே செய்கிறார், "செய்து" வகை நன்றாக ஓடும். மூன்றாவதில் ஆள் மாறிக்கொண்டே இருக்கிறது, அங்கே திணறுவார்கள். திணறும்போது நீங்கள் விடையைச் சொல்லிவிடாமல், "யார் செய்தது?" என்று மட்டும் கேளுங்கள்.